மடுவத்துத் தராசும் வகுப்பறைக் கணக்கும்

ஆசிரியர் பயிற்சி பெறுவோர் கற்றல் கொள்கைகளைப் படிக்கின்றனர், பரீட்சையில் எழுதுகின்றனர். ஆயினும் வகுப்பறைக்குள் நுழைந்ததும், தமக்குக் கற்பிக்கப்பட்ட விதத்திலேயே கற்பிக்கத் தொடங்கிவிடுவோர் பலர். அப்படியானால் அக்கொள்கைகளால் என்ன பயன்?

மலையகத்துக்கு இது முக்கியமான கேள்வி. 1970களில் தோட்டப் பாடசாலைகள் அரச பொறுப்புக்கு வந்தபோது பயிற்றப்பட்ட ஆசிரியர்கள் போதவில்லை. அக்குறையைத் தீர்க்கும் முயற்சிகளுள் ஒன்றாக, ஜேர்மனிய உதவியுடன் கொட்டகலை பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி உருவானது. கல்வியியற் கல்லூரிகளில் இரண்டு ஆண்டுகள் கல்லூரியில் கற்றபின் ஓராண்டு பாடசாலையில் பயிற்சி பெறுவர். கொள்கை பிள்ளையைச் சந்திப்பது அந்த ஆண்டில்தான்.

சதவீதப் பாடத்தை எடுத்துக்கொள்வோம்.

ஸ்கின்னர் முதலான நடத்தைவாதிகள், பயிற்சியும் உடனடிப் பாராட்டும் கற்றலை உறுதியாக்கும் என்றனர். வாய்ப்பாடு பழக இது உதவும். ஆனால் சதவீதம் என்றால் என்ன என்பது வாய்ப்பாட்டால் மட்டும் விளங்காது.

பிள்ளை தான் அறிந்ததன்மீதே புதிய அறிவைக் கட்டியெழுப்புகிறது என்றார் பியாஜே. தோட்டத்துப் பிள்ளை எதை அறியும்? கொழுந்து மடுவத்தில் தாயின் கொழுந்து நிறுக்கப்படுவதைப் பார்த்திருக்கும். 20 கிலோவில், சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று 2 கிலோ கழித்தால் கழிந்தது எத்தனை சதவீதம்? இப்போது 10 சதவீதம் என்பது வெறும் எண் அன்று. அம்மாவின் உழைப்பில் ஒரு பங்கு.

பியாஜே பிறந்த அதே 1896இல் பிறந்தவர் வைகொட்ஸ்கி. தனியே செய்ய முடியாததை, அறிந்தவர் துணையுடன் பிள்ளை செய்யக்கூடிய எல்லையில்தான் கற்பித்தல் நிகழவேண்டும் என்றார். புதிதாகக் கொழுந்து பறிக்க வருபவருக்கு, எதைக் கிள்ளுவது, எதை விடுவது என்று அனுபவமுள்ள பெண் பக்கத்தில் நின்று காட்டுவார். கை பழகியதும் விலகிக்கொள்வார். இத்தகைய துணையை, கட்டடம் எழும்வரை நிற்கும் சாரத்துக்கு ஒப்பிட்டு, 1976இல் புரூனரும் உடனாய்வாளரும் விளக்கினர்.

இனி ஆசிரியர் பயிற்சிக்கு வருவோம். வைகொட்ஸ்கியைப் பற்றி ஒரு மணிநேரம் குறிப்புச் சொல்லி எழுதவைப்பது, அவர் கூறியதற்கே முரணானது. பயிலுநருக்கும் சாரம் வேண்டும். முதலில் அனுபவமிக்க ஆசிரியரின் பாடத்தைக் கவனிக்கட்டும். அடுத்து ஒரு சிறு குழுவுக்குக் கற்பிக்கட்டும். பின்னர் முழு வகுப்பையும் ஏற்கட்டும். ஒவ்வொரு பாடத்தின் பின்னும், “நான் என்ன சொன்னேன்” என்பதை விட “பிள்ளைகள் என்ன விளங்கிக்கொண்டார்கள்” என்பதை வழிகாட்டும் ஆசிரியருடன் கலந்துரையாடட்டும். தான் கற்ற விதம் மாறினால்தான் கற்பிக்கும் விதமும் மாறும்.

மாணவிகளே, உங்களில் சிலர் நாளைய ஆசிரியைகள். பின்வாங்கில் மௌனமாக இருக்கும் பிள்ளையை “ஒன்றும் தெரியாதவள்” என்று எண்ணுமுன், அவளுக்கு என்ன தெரியும் என்று கேளுங்கள். பெற்றோரே, கடைக்கணக்கையும் சம்பளத் துண்டையும் பிள்ளையிடம் கொடுத்து, அவள் கணக்கிடும்வரை பொறுத்திருங்கள். விடையை நாம் முந்திச் சொல்லிவிட்டால், அவள் கற்கவேண்டிய இடத்தை நாமே எடுத்துக்கொள்கிறோம்.