இறகு உதிர்க்கும் பருவத்தில் வீட்டுக் கோழியின் கால் நோய்கள்

நம் நாட்டுக் கிராமங்களில் ஐந்தாறு கோழிகளை வைத்துப் பராமரிக்கும் குடும்பங்கள் ஏராளம். அக்கோழிகள் இடும் முட்டைகள் பல வீடுகளில் பெண்களின் கைச்செலவுக்குப் பணமாகவும், குழந்தைகளுக்குப் புரதச் சத்தாகவும் பயன்படுகின்றன. அவற்றுள் ஒன்று முட்டையிடுவதை நிறுத்தி, இறகுகளை உதிர்த்து, நொண்டவும் தொடங்கினால் வீட்டார் இரண்டில் ஒரு முடிவுக்கு வருவர். "இறகு உதிர்க்கிற கோழி அப்படித்தான் இருக்கும்" என்று கவனியாது விடுவர். அல்லது உடனே சந்தைக்கு அனுப்பிவிடுவர். இரண்டுமே கேடாக முடியலாம். முன்னதில், எளிதில் குணமாகக்கூடிய புண் முற்றிப் போகும். பின்னதில், கொடிய தொற்றுநோய் ஒன்று ஊர் ஊராகப் பரவக்கூடும். ஆகவே, இத்தகைய கோழியை எவ்வாறு சோதிப்பது, எதற்கு வீட்டிலேயே சிகிச்சை செய்யலாம், எதற்குக் கால்நடை மருத்துவரை நாடவேண்டும் என்பவற்றைக் களப்பணியாளர்களும் ஆசிரியர்களும் அறிந்திருத்தல் அவசியம்.

இறகு உதிர்தலின் இயல்பு

வளர்ந்த கோழி பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை பழைய இறகுகளை உதிர்த்துப் புதியனவற்றைப் பெறுகிறது. பகற்பொழுது குறுகத் தொடங்குவதே இதற்கு முக்கியமான தூண்டுதல். டில்லியில் கோடையில் ஏறத்தாழ 14 மணி நேரம் நீடிக்கும் பகல், குளிர்காலத்தில் 10 மணி நேரத்துக்குச் சற்றே மிகுதியாகச் சுருங்குகிறது. தென்னாட்டில் இவ்வேறுபாடு குறைவாதலால், அங்கே கோழிகள் ஒரே காலத்தில் இறகு உதிர்ப்பதில்லை. உதிர்தல் தலையிலும் கழுத்திலும் தொடங்கி, மார்பு, உடல், இறக்கை, வால் என்ற வரிசையில் செல்லும். இது முற்றுப்பெற இரண்டு முதல் மூன்று மாதங்கள் ஆகலாம். இக்காலத்தில் முட்டையிடுதல் நின்றுவிடும். கொண்டை சுருங்கி வெளிறும். இவை நோயின் அறிகுறிகள் அல்ல.

நொண்டுதல் மட்டும் இறகு உதிர்தலின் பகுதியன்று. ஓர் முட்டை ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் சுண்ணாம்புச் சத்து உள்ளது. முட்டையிடும் காலமெல்லாம் கோழி தன் எலும்புகளிலிருந்தும் அதனை எடுத்துச் செலவிடுகிறது. முட்டையிடாத ஓய்வுக் காலத்தில்தான் எலும்புகள் மீண்டும் வலுப்பெறுகின்றன. எனவே இறகு உதிர்க்கும் கோழி நொண்டினால், அதற்கு வேறொரு காரணம் உண்டு என்றே கொண்டு தேடவேண்டும்.

சோதிக்கும் முறை

முளைத்து வரும் முள்ளிறகுகளில் இரத்தம் ஓடுவதால், அவற்றைத் தொட்டாலும் கோழிக்கு வலிக்கும். ஆகவே கோழியைத் துரத்திப் பிடித்தலாகாது. மாலையில் அது அடைந்தபின் மெல்ல எடுத்து, ஒரு துணியால் உடலைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பின்வரும் வரிசையிற் பார்க்கவேண்டும்.

முதலாவதாக, விரல்களைப் பார்க்க. நூலோ தலைமயிரோ சுற்றி இறுகியிருத்தல் வீட்டுக் கோழிகளிடம் அடிக்கடி காணப்படுவது. சிறு கத்தரியால் அதனைக் கவனமாக வெட்டியெடுத்தாலே நொண்டுதல் நின்றுவிடலாம். இரண்டாவதாக, உள்ளங்காலில் வீக்கமோ கரிய பொருக்கோ உண்டா எனப் பார்க்க. மூன்றாவதாக, கணைக்காலின் செதில்கள் படிந்திருக்கின்றனவா, தூக்கி நிற்கின்றனவா எனப் பார்க்க. நான்காவதாக, மூட்டுகளையும் எலும்புகளையும் தடவி, இரு கால்களையும் ஒப்பிடுக. கடைசியாக, இறக்கையின் அடியில் உண்ணிகள் உளவா எனப் பார்க்க. இறகு குறைந்திருக்கும் இப்பருவத்தில் தோல் நன்கு தெரிவது இதற்கு அனுகூலமாகும்.

செதிற்கால் நோய்

கண்ணுக்குப் புலப்படாத எட்டுக்கால் நுண்பூச்சிகள் செதில்களின் அடியிற் புகுந்து வாழ்வதால் இந்நோய் உண்டாகிறது. கால் தடித்துச் சொரசொரப்பாகி, செதில்கள் நிமிர்ந்து நிற்கும். வெதுவெதுப்பான சோப்பு நீரில் கால்களைச் சில நிமிடம் ஊறவைத்து, மென்மையான தூரிகையால் தேய்த்து, நன்கு துடைத்தபின் தேங்காயெண்ணெய் அல்லது வாசலைனைக் கனமாகத் தடவவேண்டும். பூச்சிகள் மூச்சடைத்து இறக்கும். புதிய பூச்சிகள் தோன்றுமாதலால், சில வாரங்கள் வரை இதனைத் திரும்பச் செய்வது இன்றியமையாதது. செதில்களைப் பிய்த்தெடுத்தல் கூடாது. மண்ணெண்ணெயில் காலை முக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அது தோலைப் புண்ணாக்கும் என்பதை எடுத்துக்கூறி அதனைத் தடுக்கவேண்டும். ஒரு கோழிக்கு இந்நோய் கண்டால் கூட்டிலுள்ள அனைத்துக்கும் சிகிச்சை தேவை. கால்கள் பழைய தோற்றம் பெறப் பல மாதங்கள் செல்லலாம்.

உள்ளங்காற் கட்டி

முள், கூரிய கல், கரடுமுரடான கொம்பு ஆகியவற்றால் ஏற்படும் சிறு காயத்தின் வழியே சீழ்க்கிருமிகள் நுழைவதால் இக்கட்டி உண்டாகிறது. வெதுவெதுப்பான உப்பு நீரில் காலைப் பத்து நிமிடம் ஊறவைத்து, போவிடோன் அயோடின் மருந்திட்டு, சுத்தமான துணியால் கட்டி, கட்டினை இரண்டு நாளைக்கு ஒருமுறையேனும் மாற்றவேண்டும். வீட்டிலுள்ள பிளேடால் அறுத்தல் ஆபத்தானது. கட்டி ஆழமாயிருந்தாலும், வீக்கம் மூட்டுவரை ஏறினாலும் மருத்துவரிடம் கொண்டு செல்க. இக்கிருமிகள் மனிதரின் காயங்களிலும் புகக்கூடியவை. ஆகையால் கையுறை அணிந்து, பின்னர் சோப்பிட்டுக் கைகழுவுதல் வேண்டும். மீண்டும் வராதிருக்க, கோழி அடையும் கொம்பு தாழ்வாகவும், முனைகள் மழுங்கியதாகவும், தரை உலர்ந்த வைக்கோல் பரப்பியதாகவும் இருக்கட்டும்.

சுளுக்கும் எலும்புத் தளர்ச்சியும்

உயரத்திலிருந்து குதித்ததால் சுளுக்கு நேர்ந்திருந்தால், புண்ணின்றி ஒரு கால் மட்டும் நொண்டும். அதற்கு ஓய்வே மருந்து. பஞ்சாரத்தில் தனியே அடைத்து, தீவனமும் நீரும் அருகில் வைத்து, ஓரிரு வாரம் நடமாட விடாதிருக்கவேண்டும். நெடுங்காலம் மிகுதியாக முட்டையிட்ட கோழி இரு கால்களும் தளர்ந்து உட்கார்ந்துவிட்டால், எலும்புகளில் சுண்ணாம்புச் சத்து குன்றியிருக்கலாம். முன்னர் அது தோல்முட்டை இட்டதா என்று வீட்டாரை விசாரிக்கவேண்டும். இக்கோழிக்குக் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்து, தினமும் இளவெயிலில் இருக்கச் செய்க; சூரிய ஒளியால் உண்டாகும் 'டி' வைட்டமின் இல்லாமல் சுண்ணாம்பு உடலிற் சேராது.

தீவனம்

இறகின் எடையில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் புரதமே. ஆதலால் தவிடும் நொய்யும் மட்டும் தின்னும் கோழி, இப்பருவத்தில் தன் தசையைக் கரைத்தே இறகு வளர்க்க நேரிடும்; கால்நோயிலிருந்து அது தேறுவதும் தாமதமாகும். இறகுக்குத் தேவையான கந்தகம் கலந்த மெத்தியோனின் என்னும் புரதக்கூறு கடலைப் பிண்ணாக்கில் குறைவு. எள்ளுப் பிண்ணாக்கிலும் மீன்தூளிலும் நிறைய உண்டு. இரண்டையும் கலந்து தருதல் நலம். கரையானும் பசுங்கீரையும் செலவின்றிக் கிடைப்பவை. பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கு நஞ்சாகும். அதனை எக்காரணத்தாலும் இடலாகாது.

அபாய அறிகுறிகள்

பின்வரும் குறிகள் இருந்தால் வீட்டுச் சிகிச்சையில் காலங்கடத்தாது, அன்றே கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவிக்கவேண்டும்: ஒன்றுக்கு மேற்பட்ட கோழிகள் நொண்டுதல், கழுத்துத் திருகுதல், இறக்கை தொங்குதல், மூச்சுத் திணறல், பச்சை நிறக் கழிச்சல், திடீர் மரணம். இவை வெள்ளைக்கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோயின் குறிகளாக இருக்கலாம். 1927-ஆம் ஆண்டில் குமாவூன் மலைப்பகுதியிலுள்ள இராணிக்கெட் அருகே காணப்பட்டதால் இந்நோய் நம் நாட்டில் அப்பெயர் பெற்றது. வந்தபின் இதற்கு மருந்தில்லை. முன்கூட்டியே தடுப்பூசி போடுவதொன்றே காப்பு. கோழி உண்ணியால் பரவும் காய்ச்சலிலும் கால்கள் விழுந்துவிடுவதுண்டு. அதற்கோ மருத்துவரின் மருந்தால் குணம் உண்டு. அவ்வுண்ணிகள் பகலில் கூட்டின் வெடிப்புகளில் ஒளிந்திருப்பதால், வெடிப்புகளைப் பூசி அடைக்கவேண்டும். நோயுற்ற கோழியைச் சந்தைக்கு அனுப்பாமையும், இறந்ததை ஆழப் புதைத்துச் சுண்ணாம்பு தூவுதலும் அண்டை வீட்டாருக்கு நாம் செய்யும் கடமை.

பள்ளியில் செய்யத்தக்கது

மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டுக் கோழி ஒன்றினைத் தெரிந்துகொண்டு, அதன் வயது, முட்டை நின்ற தேதி, இறகு உதிரும் பகுதி, நடை, தடுப்பூசி போட்ட நாள் ஆகியவற்றை வாரந்தோறும் குறித்துவரச் செய்யலாம். நோயுற்ற கோழியைத் தொடும் வேலையைப் பெரியவர்களே செய்யட்டும். மூன்று மாத முடிவில் குறிப்புகளை ஒப்பிட்டால், இறகு உதிர்த்தல் ஓர் ஓய்வுப் பருவமே என்பதும், நொண்டுதல் தனியே கவனிக்கத்தக்க வேறு குறை என்பதும் மாணவர்க்குத் தாமே விளங்கும். அவர்கள் வாயிலாக அச்செய்தி வீட்டாரைச் சென்றடையுமாயின், புது இறகுடன் மீண்டும் முட்டையிட வரவேண்டிய பல கோழிகள் வீணே கழிக்கப்படாமல் காக்கப்படும்.