கிராமப் பிள்ளைகளை வளர்த்த உபகாரிகள்



ஒருவர் இருபது வருஷகாலம் ஊர்ப் பிள்ளைகளுக்காக உழைக்கிறார். சம்பளம் இல்லை, உத்தியோகப் பெயரும் இல்லை. அவரை நாம் எப்படிக் கனம்பண்ணுவது? ஒரு மாலையும் ஒரு பொன்னாடையும் நாலு நல்ல வார்த்தையும் போதுமா? இதை ஆராய, அமெரிக்க நாட்டின் கிராமங்களில் நூறு வருஷத்துக்கு மேலாக நடந்துவரும் '4-எச்' என்னும் சிறுவர் இயக்கத்தை இந்த வாரம் பாடமாக எடுத்துக்கொள்வோம். தலை, இருதயம், கை, ஆரோக்கியம் ஆகிய நான்கையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் 'எச்' எழுத்தில் தொடங்குவதால் இயக்கத்துக்கு அந்தப் பெயர். நாலு இலைகொண்ட பச்சைத் தளிர் அதன் சின்னம்.

1. தொடங்கிய விதம்

1902-ம் வருஷம் ஜனவரி 15-ந் தேதி, ஓஹையோ மாகாணத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து நீதிமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ஏ. பி. கிரஹாம் என்னும் கிராமப் பள்ளி அதிகாரி சிறுவர் சிறுமியரைக் கூட்டி ஒரு மன்றம் தொடங்கினார். மக்காச்சோளம் பயிரிடுவதும், காய்கறித் தோட்டம் போடுவதும், மண்ணைச் சோதிப்பதும் அவர்களுக்குப் பாடம். அயோவா மாகாணத்தில் ஜெஸ்ஸி ஃபீல்டு என்ற ஆசிரியையும் இத்தகைய வேலையைச் செய்துவந்தார். தென் கரோலினாவில் மரீ குரோமர் என்ற ஆசிரியை 1910-ல் பெண்பிள்ளைகளுக்குத் தக்காளி மன்றம் அமைத்தார். ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு நிலம் ஒவ்வொருத்திக்கும். விளைந்த தக்காளியை டப்பாவில் அடைத்து விற்கவும் அவர்கள் கற்றார்கள்.

பெரியவர்களை விட்டுப் பிள்ளைகளிடம் போனது ஏன்? புது விதை, புது முறை என்றால் அந்நாளைய விவசாயிகளில் பலர் நம்பவில்லை. பிள்ளைகளோ செய்து காட்டினார்கள். 1910-ல் ஜெர்ரி மூர் என்ற 15 வயதுச் சிறுவன் தென் கரோலினாவில் ஒரே ஏக்கரில் 228 புஷலுக்கு மேல் மக்காச்சோளம் எடுத்தான். மகனுடைய துண்டு நிலத்தைக் கண்ட தகப்பனுக்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

1914-ல் ஸ்மித்-லீவர் சட்டம் நிறைவேறியது. விவசாயக் கல்லூரிகளின் அறிவைக் கிராமங்களுக்குக் கொண்டுசெல்ல அரசாங்கப் பணமும் சம்பள ஊழியரும் கிடைத்தார்கள்.

2. பாரத்தைச் சுமந்தவர்கள்

ஆனாலும் ஒரு வட்டாரத்துக்கு ஓரிரு ஊழியர் இருந்தால் எத்தனை ஊர்களுக்குப் போய்வர முடியும்? ஆகவே மன்றங்களை நடத்தும் பொறுப்பு ஊர்க்காரர் தலையிலேயே விழுந்தது. பால் கறந்துவிட்டு வரும் குடியானவர், அடுப்பு வேலையை முடித்துவிட்டு வரும் தாய், பள்ளி ஆசிரியை, இவர்களே தலைவர்கள். மாதந்தோறும் பிள்ளைகளைத் தங்கள் வீட்டில் கூட்டினார்கள். கூட்டத்தைத் தலைமை தாங்கி நடத்தப் பிள்ளைகளுக்கே கற்றுக்கொடுத்தார்கள். கன்றுக்குட்டிக்கு எவ்வளவு தீவனம், என்ன செலவு, என்ன வரவு என்று கணக்குப் புத்தகம் எழுதப் பழக்கினார்கள். வட்டாரச் சந்தைக் கண்காட்சி வந்தால் தங்கள் வண்டியிலேயே பிள்ளைகளையும் கன்றுகளையும் ஏற்றிப் போனார்கள்.

இவர்களுக்குத் துணை நின்ற உபகாரிகளும் உண்டு. நிலத்தில் ஒரு மூலையை விட்டுக்கொடுத்த தகப்பன், பரிசுக்குப் பணம் தந்த கடைக்காரர், பன்றிக்குட்டி வாங்கப் பையனை நம்பிக் கடன் கொடுத்த வங்கிக்காரர். கடன் வாங்கிய பையன் பன்றியை வளர்த்து விற்று அடைத்தான். பணத்தைவிட அந்த நம்பிக்கையே அவனுக்குப் பெரிய உதவி.

அண்மை வருஷங்களில் அவ்வியக்கம் தரும் கணக்குப்படி, அதில் சேர்ந்த பிள்ளைகள் ஏறத்தாழ 60 லட்சம். அவர்களுக்காக உழைக்கும் தொண்டர் ஏறத்தாழ 5 லட்சம். தொண்டர் இல்லையேல் இவ்வளவும் ஏட்டளவில் நின்றுபோகும். ஓர் ஊரில் தலைவி ஓய்ந்து, அடுத்தவர் முன்வராவிட்டால், அந்த ஊர்ப் பிள்ளைகளின் கணக்குப் புத்தகம் பாதியிலேயே நின்றுவிடும்.

3. கனம்பண்ணும் முறை

பல வட்டாரங்களில் வருஷத்துக்கு ஒருநாள் மாலை குடும்பங்கள் கூடுகின்றன. ஐந்து, பத்து, இருபது வருஷம் உழைத்தவர்களைப் பெயர்சொல்லி அழைத்துச் சின்னம் அணிவிக்கிறார்கள். மன்றம் நடத்தாமல் வெளியிலிருந்து கைகொடுத்தவர்களுக்கு '4-எச் நண்பர்' என்ற தனி மரியாதை உண்டு. இயக்கத்தின் நூற்றாண்டான 2002-ல் நாடு முழுவதற்குமாகப் புகழ்வரிசை ஒன்றையும் ஏற்படுத்தினார்கள்.

இங்கே ஒரு நல்ல வழக்கத்தைக் கவனியுங்கள். கண்காட்சியில் நீலம், சிவப்பு, வெள்ளை என்று பட்டுநாடா கொடுப்பார்கள். பொதுவாக ஒரு பிள்ளையை மற்றொரு பிள்ளையோடு ஒப்பிடுவதில்லை. வேலை நல்ல அளவுக்கு எட்டியிருக்கிறதா என்றே பார்க்கிறார்கள். எட்டிய எல்லாருக்கும் நீலம்தான். தொண்டர்களுக்கும் இதே நியாயம் பொருந்தும். ஆயிரம் கொடுத்தவரா, ஆயிரம் மாலைப்பொழுதைக் கொடுத்தவரா, யார் பெரியவர் என்று தராசு பிடிக்க வேண்டியதில்லை.

குறையும் உண்டு, அதை மறைக்கலாகாது. தென் மாகாணங்களில் 1964-ம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டம் வரும்வரை கறுப்பினப் பிள்ளைகளின் மன்றங்கள் வேறாகவே நடந்தன. அவற்றுக்குப் பணமும் வசதியும் குறைவு, உழைப்போ குறையவில்லை. மேடையில் அழைக்கப்படாத பெயர்கள் எல்லா ஊரிலும் உண்டு. மரியாதைக்குப் பெயர்ப்பட்டியல் எழுதுகிறவர்கள் முதலில் கேட்கவேண்டியது, "யாரை விட்டுவிட்டோம்?" என்பதே.

4. நாம் கற்பவை

முதலாவது, உயிரோடிருக்கும்போதே நன்றி சொல்லவேண்டும். கிரஹாம் 1960-ல் தமது 91-வது வயதில் காலமானார். தாம் நட்ட விதை நாடெங்கும் பரந்ததைக் கண்ணாரக் கண்டார். எல்லாருக்கும் அவ்வளவு ஆயுசு வாய்ப்பதில்லை.

இரண்டாவது, செய்த காரியத்தைச் சொல்லிப் புகழவேண்டும். "பெருஞ்சேவை புரிந்தார்" என்பது யாருக்கும் பொருந்தும். "பதினெட்டு வருஷம் தம் வீட்டுத் திண்ணையைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுத்தார்" என்பது அவர் ஒருவருக்கே பொருந்தும்.

மூன்றாவது, புகழ்ந்துவிட்டு மேலும் பாரத்தை ஏற்றலாகாது. களைத்தவரின் சுமையில் பாதியை வாங்கிக்கொள்வது பொன்னாடையைவிட மேலானது. மன்றத்தில் வளர்ந்த பிள்ளைகள் பலர் பெரியவர்களான பின் தாங்களே தலைவர்களாகி வருகிறார்கள். வளர்த்தவருக்கு இதைவிடப் பெரிய கைம்மாறு இல்லை.

வீட்டில் சிந்திக்க:

நம் பிள்ளைகளுக்குச் சம்பளமின்றிக் கற்றுக்கொடுக்கிறவர்கள் யார் யார்? பெயர்களை எழுதுங்கள்.

அவர்களுள் இதுவரை ஒருவரும் நன்றி சொல்லாதவர் யார்?

அவருடைய வேலையில் எந்தப் பாகத்தை நம் வீட்டார் ஏற்றுக்கொள்ள முடியும்? இந்த வாரமே போய்க் கேளுங்கள்.