அப்பாவின் ஆர்.எக்ஸ். 100-க்கு டியூக் ஃபோர்க்: மாட்டும் முன் அளந்து பாருங்க

கடியப்பட்டணத்தில் ஒரு வீட்டு முற்றத்தில் அப்பாவின் யமஹா ஆர்.எக்ஸ். 100 நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சினில் குறை இல்லை. முன்பக்கம்தான் தொந்தரவு. பிரேக் பிடித்தால் ஃபோர்க் அடிவரை இறங்கி 'டக்' என்று இடிக்கிறது, ஆயில் சீல் கசிகிறது. மகன் போனில் ஒரு வீடியோ பார்க்கிறான். பழைய பைக் ஒன்றில் கே.டி.எம். டியூக் 200-ன் தடித்த ஃபோர்க்கும் டிஸ்க் பிரேக்கும் மாட்டியிருக்கிறார்கள். "இத மாட்டிட்டா வண்டி புதுசாயிடும்லா அப்பா?"

மாட்ட முடியுமா என்றால், முடியும். கையில் பணமும் லேத் பட்டறையும் இருந்தால் எதையும் எதிலும் மாட்டலாம். மாட்டிய பிறகு வண்டி நேராக ஓடுமா, ஆர்.சி. புதுப்பிக்கும்போது ஆர்.டி.ஓ. ஆபீசில் தேறுமா என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம்.

மெக்கானிக்குகள் 'ஃப்ரண்ட் ஷாக்' என்று சொல்லும் இந்த ஃபோர்க், குலுக்கலை வாங்குவதோடு முன்சக்கரத்தைச் சரியான இடத்தில் பிடித்தும் வைக்கிறது. டியூக் 200 இந்தியாவுக்கு வந்தது 2012-ல். அதன் ஃபோர்க் 43 மி.மீ. தடிமன், தலைகீழ் வகை. தடித்த குழாய் மேலே இருக்கும், பளபளக்கும் குரோம் குழாய் கீழே சக்கரத்தோடு இருக்கும். பிரேக் பிடிக்கும்போது வளையாமல் நிற்பது இதன் பலம்.

முதல் தடை டி-ஸ்டெம். அதாவது, இரண்டு ஃபோர்க்கையும் சேர்த்துப் பிடித்து, பிரேமின் கழுத்துக் குழாய்க்குள் நுழையும் தண்டு. இரண்டு வண்டிக்கும் தண்டின் நீளமும் கோன் செட்டின் அளவும் வேறு. தண்டைப் பிரஸ்ஸில் அழுத்தி மாற்றி, அளவுக்கேற்ற பேரிங் போடுவதே முறை. "சும்மா ஒரு வெல்டிங் வெச்சிருவோம்" என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ஓடும்போது அந்தத் தண்டு விட்டுப் போனால் ஹேண்டில்பார் மட்டும்தான் உங்கள் கையில் இருக்கும்.

அடுத்ததைத்தான் பெரும்பாலும் யாரும் அளப்பதில்லை: ட்ரெயில். ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரைத் தள்ளும்போது அதன் சின்னச் சக்கரம் தானாகவே திரும்பிப் பின்னால் போய் நேராகும், பார்த்திருப்பீங்க. பைக்கிலும் அதே கதைதான். சாய்ந்திருக்கும் கழுத்துக் குழாயின் கோட்டைத் தரைவரை நீட்டினால் அது ஒரு இடத்தில் தொடும். டயர் தரையைத் தொடும் இடம் அதற்குச் சற்றுப் பின்னால் இருக்கும். இந்த இரண்டுக்கும் உள்ள தூரம்தான் ட்ரெயில். அதிகமானால் திருப்பக் கனக்கும். ரொம்பக் குறைந்தால் வேகத்தில் ஹேண்டில் உதறும்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். ஆர்.எக்ஸ். 100-ன் முன் டயர் 2.50-18. டியூக்கில் 110/70-17. ரிம் சின்னதாக இருந்தாலும் டயர் உயரம் அதைச் சரிக்கட்டிவிடுகிறது. இரண்டுக்கும் ஆரம் சுமார் 292 மி.மீ.தான். ஆகவே வித்தியாசம் சக்கரத்தால் வராது. ஆஃப்செட்டால் வரும், அதாவது தண்டுக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே உள்ள இடைவெளியால். கழுத்துச் சாய்வு 27 டிகிரி, ஆஃப்செட் 55 மி.மீ. என்று வைத்தால் ட்ரெயில் 87 மி.மீ. வரும். ஆஃப்செட் 35 ஆனால் அதுவே 109 ஆகிவிடும். ஃபோர்க் குட்டையாகி முன்பக்கம் 30 மி.மீ. இறங்கினால், 1,250 மி.மீ. வீல்பேஸில் சாய்வு சுமார் 1.4 டிகிரி குறையும், ட்ரெயில் 101-க்கு வரும். இவை கணக்குப் புரிவதற்கு நான் வைத்துக்கொண்ட எண்கள். உங்கள் வண்டியை நீங்கள்தான் அளக்க வேண்டும். பிரிப்பதற்கு முன்பே அளந்து, போனில் போட்டோவும் எடுத்து வையுங்கள். பிரித்த பிறகு பழைய அளவு கிடைக்காது.

ஆர்.எக்ஸ். 100-ல் முன்பக்கம் டிரம் பிரேக். டிஸ்க் வந்தால் பிரேக் பலமாகப் பிடிக்கும், அந்த இழுப்பு முழுவதும் பிரேமின் கழுத்து வெல்டிங்கில் போய்ச் சேரும். 1985 முதல் 1996 வரை தயாரான வண்டி இது. கடலோரத்தில் வளர்ந்த வண்டி வேறு. உப்புக்காற்று பெயின்டுக்கு அடியில் என்ன செய்திருக்கிறது என்பது சுரண்டிப் பார்த்தால்தான் தெரியும். கழுத்தில் துருவோ விரிசலோ இருந்தால் டிஸ்க் பேச்சையே எடுக்காதீர்கள். இன்னொன்று, கனமான வண்டிக்குச் செய்த ஸ்பிரிங், லேசான ஆர்.எக்ஸ்.-ல் சரியாக அமுங்காது. ஸ்பீடோமீட்டர் கேபிள் முன்சக்கர ஹப்பிலிருந்துதான் வருகிறது. சக்கரம் மாறினால் முள் அசையாது, அதற்கும் ஒரு வழி பார்த்தாக வேண்டும்.

சரி, சட்டம். மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். "சட்டத்தில் ஃபோர்க் என்ற வார்த்தையே இல்லையே" என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் ஆர்.சி. விவரங்களில் வீல்பேஸ் இருக்கிறது, ஃபோர்க் மாறினால் வீல்பேஸும் மாறும். அதனால் பொருளை வாங்குவதற்கு முன்பே உங்கள் வண்டி பதிவாகியுள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். டி.என். 74 என்றால் நாகர்கோவில், டி.என். 75 என்றால் மார்த்தாண்டம். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால், விபத்து நேரத்தில் கிளெய்முக்குச் சிக்கல் வரலாம்.

15 ஆண்டு தாண்டிய பைக்குக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். காலாவதி தேதியை எம்-பரிவாஹன் ஆப்பில் பார்க்கலாம். தேதிக்கு 60 நாளுக்குள் பரிவாஹன் தளத்தில் படிவம் 25-ல் விண்ணப்பித்து, வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளரிடம் நேரில் காட்ட வேண்டும். ஃபோர்க் மாறியிருப்பது அங்கே கண்ணில் படாமல் போகாது. ஆகவே கழற்றிய பழைய ஃபோர்க்கைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

என்னைக் கேட்டால், அந்தப் பையனுக்கு டியூக் ஃபோர்க்கே வேண்டாம். அவன் சொன்ன இரண்டு குறையும், அடி இடிப்பதும் ஆயில் கசிவதும், பழைய ஃபோர்க்கிலேயே தீரக்கூடியவை. ஃபோர்க் பைப்பைக் கண்ணாடிப் பலகையில் உருட்டி வளைவு பாருங்கள். குரோமில் துருப்புள்ளி இருந்தால் பைப்பை மாற்றுங்கள், இல்லாவிட்டால் புதுச் சீலையும் அது கிழித்துவிடும். புது ஸ்பிரிங், ஆயில் சீல், கம்பெனி சொன்ன அளவு ஃபோர்க் ஆயில், புதுக் கோன் செட், முன் பிரேக்குக்குப் புது பிரேக் ஷூ. இதில் ஆர்.சி. விவரம் ஒன்றுகூட மாறாது.

வேலை முடிந்ததும் ஃபோர்க் பைப்பில், சீலை ஒட்டி ஒரு கேபிள் டையை லேசாகக் கட்டி, மணவாளக்குறிச்சி வரை ஒரு ரவுண்டு போய் வாருங்கள். டை எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று பார்த்தால் ஃபோர்க் எவ்வளவு அமுங்கியது என்று தெரியும். கடைசிவரை போயிருந்தால் ஸ்பிரிங்கையும் ஆயில் அளவையும் மெக்கானிக்கிடம் திரும்பக் காட்டுங்கள். கடற்கரை மணலில் ஓட்டி வந்த அன்றே பைப்பை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிட வேண்டும்.