நனைந்த மிளகாய் மூட்டையை என்ன செய்வது?

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரத்தில் மளிகைக் கடை நடத்துபவருக்கு ஒரு பக்கம் கடலின் ஈரக்காற்று, மறுபக்கம் ஆலைப் புகையும் லாரிப் புழுதியும். மிளகாய், மல்லி, மஞ்சள், சீரகம் போன்ற சரக்குகளை இவற்றிடமிருந்து காப்பது எப்படி என்பதை இங்கே பார்ப்போம்.

ஈரம் ஏன் ஆபத்து?

உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி மிளகாய் வற்றலில் 11 சதவீதம், முழு மல்லியில் 9 சதவீதம், மஞ்சள் தூளில் 10 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் இருக்கக் கூடாது. கூடினால் பூசணம் பிடிக்கும். சில வகைப் பூசணம் 'அஃப்ளாடாக்சின்' என்ற நஞ்சை உண்டாக்கும். அது கல்லீரலைக் கெடுத்துப் புற்றுநோயையும் வரவழைக்கும். வெயிலில் உலர்த்தினால் பூசணம் வளர்வது நிற்குமே தவிர, முன்பே ஊறிய நஞ்சு போகாது. வறுத்தாலும் குழம்பில் கொதித்தாலும் முழுவதும் அழியாது.

1974ல் ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் சில கிராமங்களில், மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். மிளகாயை யாரும் சோளம்போல் சாப்பிடுவதில்லைதான். ஆனால் அது தினமும் எல்லார் வீட்டுக் குழம்பிலும் சேர்கிறது.

வெள்ளம் புகுந்த சரக்கு

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது, மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது. எர்ணாவூர்ப் பக்கம் வீடுகளுக்குள்ளும் படிந்தது. நம் பகுதியில் வெள்ளம் என்றால் வெறும் மழைநீர் அல்ல. சாக்கடையும் எண்ணெயும் கலந்த நீர். அது பட்ட மூட்டையை அலசி உலர்த்தி விற்கலாம், அரைத்துவிட்டால் தெரியாது என்று நினைப்பது பெரும் பாதகம். ஒரு மூட்டை நஷ்டத்தை மிச்சப்படுத்தப் போய், அதை வாங்கும் அத்தனை குடும்பத்துக்கும் நோயைக் கொடுத்தவராவோம். அத்தகைய சரக்கை ஒதுக்கி, படம் எடுத்து, எடை குறித்து, காப்பீடு இருந்தால் நிறுவனத்துக்குத் தெரிவித்த பிறகு அப்புறப்படுத்துங்கள்.

சட்டம் சொல்வது

2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆவது பிரிவின்படி, சுகாதாரமற்ற நிலையில் வைத்திருந்த சரக்குக்கும், யாரிடம் வாங்கியது என்று காட்ட முடியாத சரக்குக்கும் விற்றவரே பொறுப்பு. ஆகவே பில் இல்லாத மிளகாய்த் தூள் விலை மலிவானாலும் வேண்டாம். 2005ல் இங்கிலாந்தில், சாயம் கலந்த ஒரு மிளகாய்த் தூள் சரக்கினால் 400க்கும் மேற்பட்ட உணவுப் பொருள்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அந்தச் சிவப்புச் சாயத்தின் பெயர் சூடான்.

கடையில் செய்ய வேண்டியவை

1. கொள்முதலின்போது மிளகாயை ஒடித்துப் பாருங்கள். காய்ந்தது முறியும், விதை குலுங்கும். ஈரமானது வளையும். காம்படியில் வெள்ளை, பச்சை, கறுப்புப் படிவு இருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

2. மூட்டையை வெறுந்தரையில் அடுக்காதீர்கள். சிமென்ட் தரையிலிருந்தும் ஈரம் ஏறும். மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்குங்கள். வெள்ளம் வரும் தெருவானால் மசாலாச் சரக்குக்குப் பரண்தான் இடம்.

3. பினாயில், சோப்பு, ஊதுவத்தி, எலி மருந்து ஆகியவற்றை வேறு இடத்தில் வையுங்கள். மசாலாச் சரக்கு பிற வாசனையைச் சீக்கிரம் இழுத்துக்கொள்ளும்.

4. சில்லறைக்குப் பிரித்த மூட்டையை வாய் திறந்து வைக்காமல், மூடியுள்ள டப்பாவில் கொட்டி வையுங்கள். அள்ளும் கரண்டி ஈரமில்லாமல் இருக்கட்டும்.

5. முதலில் வந்த சரக்கை முதலில் விற்கும்படி, மூட்டையின் மேல் வந்த தேதியை எழுதுங்கள்.

ஐப்பசி மழை தொடங்குமுன் இந்த ஐந்தையும் கடைப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்து, கிடங்குச் சுவரிலும் எழுதி ஒட்டி வையுங்கள்.