நெஞ்சு வலியும் நம் அன்றாடப் பழக்கங்களும்



ஜெலுத்தோங் என்பது ஒரு மரத்தின் பெயர். நம் ரப்பர் மரம் போல அதுவும் பால் வடிக்கும் மரம்தான். அந்தப் பாலிலிருந்து ஒரு காலத்தில் சுவிங்கம் செய்தார்கள். பினாங்குத் தீவில் அந்தப் பெயர் கொண்ட ஊருக்குத்தான் என் சித்தப்பா குடிபோனார். இருந்த தோட்டத்தை வீடு கட்ட விற்றுவிட்டார்கள். மகனுடைய அடுக்குமாடி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

தோட்டத்தில் இருந்தவரை விடியுமுன் பெரட்டுக்குப் போவார். ஐந்நூறு மரத்துக்கு மேல் வெட்டி, மேடு பள்ளம் ஏறி இறங்கி, பால் வாளி சுமந்து வருவார். ஜெலுத்தோங்கில் லிஃப்டில் இறங்குவார், மகனின் மோட்டார் சைக்கிளில் சாப்பாட்டுக் கடைக்குப் போவார், வந்து டிவி முன்னால் உட்காருவார். சாப்பாடு மட்டும் பழைய சாப்பாடுதான். தட்டு நிறையச் சோறு, கருவாடு, டின் பால் ஊற்றிய தேத்தண்ணி நாலு வேளை. சிகரெட்டும் விடவில்லை. உழைப்பு குறைந்தது, வாய் குறையவில்லை.

ஒரு நாள் ராத்திரி அவருக்கு நெஞ்சு அடைத்தது, வேர்த்துக் கொட்டியது. "வாயுதான், ஓமத் தண்ணி கொடு" என்றார். சித்தி தைலம் தேய்த்தார். "டிரசரை ஏன் தூக்கத்தில் எழுப்பணும்?" என்று எனக்கும் போன் செய்யவில்லை. பொழுது விடிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். உயிர் பிழைத்தார். ஆனால் இருதயத் தசையில் ஒரு பகுதி செத்துவிட்டது. இப்போது இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல. 2020-இல் மருத்துவர் சான்றளித்த மரணங்களில் 100-க்கு 17 இருதய இரத்தக்குழாய் நோயால் ஏற்பட்டவை என்று நாட்டின் புள்ளிவிவரத் துறை கணக்குக் காட்டியது. இந்த நோய்க்குப் பெரிய காரணங்களில் ஒன்று நீரிழிவு. 2019-இல் சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வில், நம் இந்தியர்களில் 100 பெரியவர்களுக்கு ஏறக்குறைய 31 பேருக்கு நீரிழிவு இருந்தது. நாட்டின் பெரிய இனங்களில் இதுவே அதிகம்.

மாரடைப்பு எப்படி வருகிறது?

மரத்தில் வெட்டிய பால், தகரம் வழியாக மங்கில் விழுகிறது. தகரத்தில் ஒட்டுப்பால் சேர்ந்து கொண்டே போனால் வழி குறுகுகிறது. அதைப் போல, இருதயத்துக்கே இரத்தம் கொண்டு போகும் குழாய்களின் உள்சுவரில் வருஷக் கணக்கில் கொழுப்புப் படிகிறது. ஒரு நாள் அந்தப் படிவு வெடித்து, அதன் மேல் இரத்தம் உறைந்து குழாயை அடைத்துவிடுகிறது. இரத்தம் கிடைக்காத தசை சாகத் தொடங்குகிறது. இதுதான் மாரடைப்பு. புகை, இரத்த அழுத்தம், நீரிழிவு, கெட்ட கொழுப்பு, வயிற்றுத் தொப்பை, உடல் அசையாமை ஆகியவை இந்தப் படிவை வளர்க்கின்றன.

நாம் செய்ய வேண்டியவை

1. நடங்கள். லண்டனில் இரட்டை மாடி பஸ் ஊழியர்களை மருத்துவர் ஜெர்ரி மோரிஸ் ஆராய்ந்து 1953-இல் முடிவை வெளியிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்திருந்த டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. டிராக்டர் ஓட்டுபவர்களும், ஜாகா வேலை பார்ப்பவர்களும், டவுனுக்குப் போனவர்களும் இதை யோசிக்க வேண்டும். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம் வேகமாக நடந்தால் போதும். நடக்கும்போது நெஞ்சு அழுத்தினால் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

2. புகையை விடுங்கள். "நான் குலை வெட்டுகிறேன், எனக்கென்ன?" என்று எண்ணாதீர்கள். கடும் உழைப்பு புகையின் கெடுதலை அழித்துவிடாது.

3. உப்பைக் குறையுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டி. கருவாடு, கிச்சாப், ஊறுகாய், மேகி மீ எல்லாவற்றிலும் உள்ள உப்பும் இதில் சேரும். 2017-2018 ஆய்வின்படி மலேசியர்கள் சராசரி 7.9 கிராம் உண்டார்கள். கருவாட்டை ஊற வைத்துக் கழுவுங்கள். அதைத் தினமும் வைக்காதீர்கள்.

4. சீனியைக் குறையுங்கள். டின் பாலில் ஏறக்குறைய பாதி சீனி. தேத்தண்ணியில் வாரம் ஒரு கரண்டி குறைத்தால் நாக்கு தானே பழகிவிடும். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாக இதைத்தான் சொல்லி வருகிறது.

5. தட்டை மாற்றுங்கள். பாதித் தட்டு காய்கறி, கீரை; கால் தட்டு சோறு; கால் தட்டு மீன், பருப்பு அல்லது கோழி. லயத்துப் பின்புறத்து முருங்கைக் கீரையும், சந்தையில் வாங்கும் கங்கோங் கீரையும், கெம்போங் மீனும் பணக்காரர் உணவைவிட நல்லவை. பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டாம்.

6. சம்சுவைத் தொடாதீர்கள். அது பையையும் குடும்பத்தையும் கெடுப்பதோடு இரத்த அழுத்தத்தையும் ஏற்றும்.

7. சோதித்துப் பாருங்கள். இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் ஆரம்பத்தில் அறிகுறி இருக்காது. அழுத்தம் 140/90-ஐத் தாண்டுகிறதா? இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டுகிறதா? 40 வயதானவர்கள் வருஷம் ஒரு முறையாவது பாருங்கள். மருந்து கொடுத்தால் "குணமாகிவிட்டது" என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். குணமானதாகத் தெரிவதே அந்த மருந்தினால்தான்.

வலி வந்தால்

நெஞ்சில் பாரம் வைத்தது போன்ற அழுத்தம், இடது கை, தாடை அல்லது முதுகுக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை அபாய அறிகுறிகள். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல் அசதி, குமட்டல், மூச்சு வாங்குதல் மட்டும் இருக்கலாம். வாயுவா, இருதயமா என்று வீட்டில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லாதீர்கள். அதைச் சொல்ல ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. இயந்திரமும் இரத்தப் பரிசோதனையும் வேண்டும். உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் மருந்து முதல் சில மணி நேரத்தில்தான் நன்றாக வேலை செய்யும்.

நோயாளியை உட்கார வைத்து, சட்டையைத் தளர்த்தி, 999-க்குப் போன் செய்யுங்கள். அவரை நடக்க விடாதீர்கள், மோட்டார் சைக்கிள் ஓட்ட விடாதீர்கள். தோட்டத்தில் இருந்தால், எந்த நேரமானாலும் டிரசர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அதற்காக எந்த டிரசரும் கோபிக்க மாட்டார். தட்டாமல் போன கதவை நினைத்துத்தான் நான் இன்றைக்கும் வருந்துகிறேன்.

சித்தப்பா இப்போது சிகரெட்டை விட்டுவிட்டார். மருத்துவர் சொன்னபடி தினமும் காலையில் ஜெலுத்தோங் சந்தை வரை மெதுவாக நடந்து போய், கீரை வாங்கி வருகிறார். "இதை அஞ்சு வருஷம் முந்திச் செஞ்சிருக்கலாம்டா" என்கிறார். உங்களுக்கு அந்த அஞ்சு வருஷம் இன்னும் கையில் இருக்கிறது.

இந்தப் பக்கத்தை வெட்டி அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.