வாளியில் தொங்கும் திகில்

கேள்வி: வானிலிருந்து காட்டுத்தீயை அணைப்பவர்களை வைத்து மர்ம நாவல் எழுத ஆசை. நம் மண்ணில் எடுபடுமா? (வாசகி, பேரையூர்)

பதில்: தாராளமாக எடுபடும். 2024 மார்ச்சில் குன்னூர் காடு பற்றியெரிந்தபோது, சூலூரிலிருந்து விமானப்படையின் எம்.ஐ.-17 ஹெலிகாப்டர் வந்தது. ‘பாம்பி பக்கெட்’ எனும் ராட்சத வாளியில் ரேலியா அணைத் தண்ணீரை மொண்டு போய்த் தீயில் கொட்டியது. 2018 மார்ச் 11 குரங்கணித் தீயில் மலையேறச் சென்றவர்கள் சிக்கியபோதும் ஹெலிகாப்டர்கள் வந்தன. ஆனால் அது மீட்புக்கு.

உங்கள் கதைக்கு உங்கள் வட்டாரத்துச் சாப்டூர் மலையே போதும். பங்குனிப் பௌர்ணமி, மேலே சதுரகிரிக் கோயிலில் பக்தர்கள், கீழே தீ. வில்லன் தேடி அலைய வேண்டாம், சிக்கல்கள் தாமாகவே வரும். ஹெலிகாப்டர் தாழப் பறந்தால் அதன் விசிறிக் காற்றே தீயை ஊதிவிடும். உயரப் போனால் தண்ணீர் சிதறிப் போகும். புகையில் பள்ளத்தாக்கு மறையும், இருட்டுமுன் திரும்பியாக வேண்டும். கோடையில் கண்மாய் வறண்டிருந்தால் தண்ணீருக்கு எங்கே போவது? மலைக்கு அந்தப்பக்கம் பிளவக்கல் அணை. அந்தத் தூரந்தான் உங்கள் திகில்.

ஒன்று மட்டும்: விமானியை மட்டுமே நாயகனாக்கிவிடாதீர்கள். பச்சைத் தழையால் அடித்தும் தீத்தடுப்புக் கோடு வெட்டியும் கடைசிக் கங்குவரை அணைப்பவர்கள் தரையில் நிற்கும் வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர்கள்தான். அவர்களில் ஒருவர் கதை சொல்லட்டுமே!