புதன்கிழமைப் புதிர்: விடையும் விளக்கமும் ஒரு திருத்தமும்



நம் கையெழுத்துப் பத்திரிகைக்குப் பக்கத்தில் உள்ள சின்னக் கரும்பலகையில் தினமும் காலையில் ஒரு குறுக்கெழுத்துப் புதிர் எழுதுகிறோம் அல்லவா? ஒவ்வொரு நாளும் ஒரு தலைப்பு. திங்கள் பறவைகள், செவ்வாய் தலைவர்கள், புதன் ஆறுகள், வியாழன் பயிர்கள், வெள்ளி விளையாட்டு. போன புதன்கிழமைப் புதிரை அமைத்தது நான்தான். "எப்படிக்கா இதையெல்லாம் கண்டுபிடிக்கிறது?" என்று சின்ன வகுப்புப் பிள்ளைகள் நிறையப் பேர் கேட்டார்கள். அவர்களுக்கு விளக்கம் சொல்லவும், அந்தப் புதிரில் நான் செய்த ஒரு தவறைத் திருத்தவும் இதை எழுதுகிறேன்.

முதலில் தெரிந்துகொள்வோம்

குறுக்கெழுத்துப் புதிர் பிறந்தது அமெரிக்காவில். 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்டு' என்ற நாளிதழில் ஆர்தர் வின் என்பவர் முதல் புதிரைப் போட்டார். அதன் கட்டம் வைர வடிவத்தில் இருந்தது. இன்று நூறு ஆண்டு தாண்டியும் உலகம் முழுக்க நாளிதழ்களில் இது வருகிறது.

தமிழில் போடும்போது எழுத்து எண்ணத் தெரிய வேண்டும். விதி சுலபம்தான்.

1. உயிர்மெய் எழுத்துக்கு ஒரே கட்டம். 'கா' என்று எழுத துணைக்கால் வந்தாலும் ஒரு கட்டம்தான்.
2. புள்ளி வைத்த எழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு. 'தாய்' என்றால் தா, ய் என்று இரண்டு கட்டம்.
3. குறிப்பின் பக்கத்தில் இருக்கும் எண், எத்தனை எழுத்து என்பதைக் காட்டும்.

புதன்கிழமைக் குறிப்புகள்

இடமிருந்து வலம்
1. பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் ஆறு (6)
3. கும்பகோணம் வழியாக ஓடி காரைக்காலில் கடல் சேரும் காவிரியின் கிளை (5)
4. குடகில் பிறந்தவள் (3)
5. பவானியின் தலையை எடுத்துவிடு (2)

மேலிருந்து கீழ்
1. பெற்றவள், ஆற்றையும் இப்படிச் சொல்வோம் (2)
2. ஒகேனக்கல்லில் ஆளை ஏற்றிச் செல்லும் வட்டமான ஓடம் (4)
3. குற்றாலத்தில் இதில் குளிக்கத்தான் கூட்டம் போகும் (3)
4. ஆற்றுத் தண்ணீரை வயலுக்குக் கொண்டு போவது (4)

நான் வைத்திருந்த விடைக் கட்டம்

தா | மி | ர | ப | ர | ணி
ய் | ■ | ■ | ரி | ■ | ■
■ | அ | ர | ச | லா | று
■ | ரு | ■ | ல் | ■ | ■
கா | வி | ரி | ■ | ■ | ■
ல் | ■ | ■ | ■ | ■ | ■
வா | னி | ■ | ■ | ■ | ■
ய் | ■ | ■ | ■ | ■ | ■

போடும் முறை

பலர் 1 என்ற எண்ணில் ஆரம்பித்து, அது வரவில்லை என்றால் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யக் கூடாது. பரீட்சையில் தெரிந்த கேள்வியை முதலில் எழுதுவது போல, எது சுலபமோ அதில் ஆரம்பிக்க வேண்டும்.

மேலிருந்து கீழ் 3 சுலபம். குற்றாலம் என்றதும் நமக்கு 'பால்ஸ்' என்று வாயில் வரும். 'நீர்வீழ்ச்சி' என்றால் 6 எழுத்து, இடம் பத்தாது. 3 எழுத்தில் 'அருவி'. போட்டாச்சு.

இடமிருந்து வலம் 4, குடகில் பிறந்தவள். 'காவிரி' என்று உடனே தோன்றும். ஆனால் அவளுக்கே 'பொன்னி' என்று இன்னொரு பெயர் உண்டு, அதுவும் 3 எழுத்துதான். எதைப் போடுவது? இங்கேதான் குறுக்கே வெட்டும் எழுத்து உதவுகிறது. அருவியின் கடைசி எழுத்து 'வி', இந்தச் சொல்லின் நடுவில் வருகிறது. பொன்னியின் நடுவில் இருப்பது 'ன்'. ஆகவே காவிரிதான்.

மேலிருந்து கீழ் 4. எட்டாம் வகுப்பில் பாதிப்பேர் 'வாய்க்கால்' என்று எழுதிவிட்டு "கட்டம் பத்தலை" என்று வந்தார்கள். வாய்க்கால் 5 எழுத்து. நமக்கு 4 வேண்டும், அதுவும் 'கா'வில் தொடங்க வேண்டும். அதே சொல்லைத் திருப்பிப் போடுங்கள்: கால்வாய். வாயும் காலும் சேர்ந்தால் நடுவில் 'க்' வருகிறது, காலும் வாயும் சேர்ந்தால் ஒன்றும் வருவதில்லை. இலக்கண வகுப்பில் படித்த புணர்ச்சி புதிர் போடவும் உதவுகிறது பாருங்கள்.

இடமிருந்து வலம் 5 ஒரு விளையாட்டுக் குறிப்பு. பவானியின் தலை என்றால் முதல் எழுத்து. 'ப'வை எடுத்தால் 'வானி'. பவானி ஆற்றின் பழைய பெயரும் வானிதான் என்று தமிழ் ஐயா சொன்னார். மேலிருந்து கீழ் 1, 'தாய்'. அம்மா, அன்னை இரண்டும் 3 எழுத்து, அதனால் வராது.

இனி பெரியது. இடமிருந்து வலம் 1. சங்ககாலப் பெயரான 'பொருநை' 3 எழுத்து, வராது. 6 எழுத்தில் 'தாமிரபரணி'. ஆனால் சில பேர் 'தாமிரவருணி' என்று எழுதியிருந்தார்கள். ஆற்றின் பெயர் அப்படியும் வழங்குகிறது, எண்ணிப் பார்த்தால் அதுவும் 6 எழுத்து! எது சரி என்பதை 4-வது கட்டம் சொல்லும். அங்கிருந்து கீழே இறங்குவது வட்ட ஓடம், அதாவது பரிசல். 'வ' போட்டால் 'வரிசல்' ஆகிவிடும், அப்படி ஒரு சொல் இல்லை. ஆகவே 'ப'தான் நிற்கும்.

இதிலிருந்து தெரிவது என்ன? நம் மனசுக்குத் தோன்றுவது வெறும் ஊகம். இன்னொரு சொல் வந்து குறுக்கே நின்று "ஆமாம்" என்று சாட்சி சொன்னால்தான் அது விடை.

என் தவறு

மீதி இருந்தது இடமிருந்து வலம் 3. நான் வைத்த விடை 'அரசலாறு'. பரிசலின் 'ச', அரசலாற்றின் நடுவில் வெட்டுகிறது. நான் இதைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

முதல் இடைவேளை மணி அடிக்கும் முன்பே ஏழாம் வகுப்புத் தங்கை ஒருத்தி தாளைக் கொண்டு வந்து கொடுத்தாள். எல்லாரையும் விட அவள்தான் முதல். வாங்கிப் பார்த்தேன். 'அரிசிலாறு' என்றும் 'பரிசில்' என்றும் எழுதியிருந்தாள். இரண்டுக்கும் சிவப்பு மையில் தப்புப் போட்டேன்.

"அக்கா, அது பரிசில்தானுங்க. எங்கப்பா பரிசில்தான் ஓட்டுறாரு. அவரு அப்படித்தான் சொல்லுவாரு" என்றாள்.

"உங்கப்பா பேசுறதெல்லாம் புதிருக்குச் செல்லாது. எழுத்துத் தமிழ்ல இருக்கணும்" என்று சொன்னேன். பக்கத்தில் நின்ற பத்துப் பேர் சிரித்தார்கள். அவள் தாளை மடித்துக்கொண்டு போய்விட்டாள். பரிசுப் பேனாவை எட்டாம் வகுப்புத் தம்பி ஒருவனுக்குக் கொடுத்துவிட்டோம்.

மறுநாள் அவள் என்னிடம் வரவில்லை. நேராகத் தமிழ் ஐயாவிடம் போனாள். கையில் தாத்தா வீட்டிலிருந்து கொண்டு வந்த 'பொன்னியின் செல்வன்' புத்தகம். அதில் கல்கி அந்த ஆற்றை 'அரிசிலாறு' என்றே எழுதியிருக்கிறார். ஐயா என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை. "அரிசில்கிழார்னு ஒரு சங்கப் புலவர் இருக்காரும்மா. பதிற்றுப்பத்துல எட்டாம் பத்தைப் பாடினவர். தேவாரத்துல அரிசிற்கரைப்புத்தூர்னு ஒரு ஊர் வருது. அரிசில்தான் பழைய பெயர். அது பேச்சுல மாறி அரசலாறு ஆயிருக்கு. பரிசல், பரிசில்னு ரெண்டு விதமாவும் எழுதுறாங்க. இப்ப நீயே கட்டத்தைப் போட்டுப் பாரு" என்றார்.

போட்டுப் பார்த்தேன். அ, ரி, சி, லா, று — 5 எழுத்து. ப, ரி, சி, ல் — 4 எழுத்து. இரண்டும் வெட்டும் இடத்தில் 'சி'. கச்சிதமாகப் பொருந்தியது! எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. நான் அவளைப் பேச்சுத் தமிழ் என்று சொன்னேன். உண்மையில் பழைய பெயரை எழுதியவள் அவள், பேச்சில் மாறிய பெயரை எழுதியவள் நான்.

தவறு எங்கே?

தாமிரபரணியில் சாட்சி சரியாக வேலை செய்தது, அரசலாற்றில் ஏன் செய்யவில்லை? யோசித்தேன். தாமிரவருணி என்று மாற்றினால், வெட்டும் சொல் உடைந்துவிடுகிறது. ஆனால் அரசலாறு அரிசிலாறு ஆகும்போது, பரிசலும் கூடவே பரிசில் ஆகிவிடுகிறது. சாட்சி சொல்ல வேண்டியவரே கட்சி மாறின கதை! இதைத் தடுக்க இன்னொரு சாட்சி வேண்டும். அரசலாற்றின் இரண்டாம் எழுத்து 'ர'வா 'ரி'யா என்று சொல்ல மேலிருந்து ஒரு சொல்லும் நான் வைக்கவில்லை.

என் கட்டத்தில் மொத்தம் 22 எழுத்து. அதில் இரண்டு சொல்லுக்கும் பொதுவாக வருவது 7 எழுத்து மட்டும். மீதி 15 எழுத்துக்கு ஒரே ஒரு சொல்தான் ஆதாரம். அமெரிக்க நாளிதழ்ப் புதிர்களில் எல்லா எழுத்தும் இரண்டு பக்கச் சொல்லிலும் வர வேண்டும் என்று விதி இருக்கிறதாம். ஆங்கிலத்தில் 26 எழுத்து, அதனால் அவர்களால் முடிகிறது. தமிழில் 247 எழுத்து. எல்லாவற்றையும் வெட்ட வைப்பது ரொம்பக் கஷ்டம். ஆனால் சந்தேகம் வரக்கூடிய எழுத்தையாவது வெட்ட வைத்திருக்கலாம்.

வேண்டுமென்றே செய்தவர்கள்

இதைக் கேள்விப்பட்ட ஆங்கில ஆசிரியை ஒரு சுவையான செய்தி சொன்னார். 1996 நவம்பர் 5 அன்று அமெரிக்க அதிபர் தேர்தல். போட்டி கிளின்டனுக்கும் பாப் டோலுக்கும். அன்றைய 'நியூயார்க் டைம்ஸ்' புதிரில் நாளைய செய்தித்தாளின் முக்கியச் செய்தி என்ன என்று ஒரு குறிப்பு. ஆங்கிலத்தில் இரண்டு பெயருக்கும் 7 எழுத்து. முதல் எழுத்தை வெட்டும் சொல்லுக்கு, ஹாலோவீன் நாளின் கறுப்புப் பிராணி என்று குறிப்பு. பூனை என்று நினைத்து 'கேட்' போட்டால் கிளின்டன் வரும். வௌவால் என்று நினைத்து 'பேட்' போட்டால் பாப் டோல் வரும். இப்படியே வெட்டும் 7 சொல்லும் இரண்டு விதமாகப் பொருந்தும். அமைத்தவர் ஜெரமையா ஃபேரல். யார் ஜெயித்தாலும் புதிர் சரி! (ஜெயித்தவர் கிளின்டன்.) ஒரு விடையை மட்டும் பார்த்த வாசகர்கள், தேர்தல் முடியும் முன்பே முடிவைச் சொல்லலாமா என்று கோபப்பட்டார்களாம்.

அவர் தெரிந்தே இரண்டு விடை வைத்தார். நான் தெரியாமல் வைத்தேன். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை, ஒன்றுதான் சரி என்று சண்டையும் போட்டேன்.

திருத்தம்

இனிமேல் புதிர் அமைப்பவர்களுக்கு நாங்கள் மூன்று விதி வைத்திருக்கிறோம்.

1. அமைத்தவர் தவிர இன்னொருவர், விடையைப் பார்க்காமல் ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும்.
2. இரண்டு விதமாக எழுதும் சொல் வந்தால், சந்தேகமான எழுத்தை வேறொரு சொல் வெட்ட வேண்டும், அல்லது குறிப்பே தெளிவாகச் சொல்ல வேண்டும்.
3. விடை வேறாக இருந்தால் உடனே தப்புப் போடாமல் "ஏன் இப்படி எழுதினாய்?" என்று கேட்க வேண்டும்.

இடமிருந்து வலம் 3-க்குப் புதுக் குறிப்பு: 'அரிசில்கிழார் பெயரில் இருக்கும் ஆறு (5)'. இப்போது ஒரே விடைதான் வரும். இந்தக் குறிப்பைச் சொன்னதும் அந்தத் தங்கைதான்.

எட்டாம் வகுப்புத் தம்பி விடையும் சரி என்பதால் அவனிடமிருந்து பேனாவைத் திருப்பி வாங்கவில்லை. இன்னொரு பேனா வாங்கிக்கொண்டு அவளிடம் போனேன். "பேனா வேண்டாங்கக்கா. எங்கப்பா சொன்னது தப்பில்லைன்னு மட்டும் எழுதிப் போடுங்க. எல்லாரும் சிரிச்சாங்கல்ல" என்றாள்.

அதனால் எல்லாரும் படிக்கும் இந்தப் பலகையில் எழுதுகிறேன். அவள் அப்பா சொன்னது தப்பில்லை. பரிசில் என்பது சரியான சொல். அன்று முதலில் சரியாகப் போட்டது அவள்தான். நான் பேசியதுதான் தப்பு, மன்னித்துக்கொள் தங்கச்சி.

அடுத்த புதன்கிழமை ஆறுகள் புதிரை அமைக்கப்போவது அவள். பென்சிலோடு வாருங்கள், பேனா வேண்டாம். அழிக்க வேண்டி வரலாம்!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி